முடியாது என்று சொன்ன மலை

2009-ஆம் ஆண்டின் தொடக்கம். துபாயில் ஓர் ஆங்கில நாளிதழில் துணையாசிரியராக இருந்தேன். உலகப் பொருளாதார நெருக்கடியில் விளம்பரங்கள் குறைந்தன, பக்கங்கள் குறைந்தன, பிறகு ஆட்களும் குறைந்தார்கள். என் முறையும் வந்தது. பிப்ரவரி முடிய வேலை, அதன்பின் விசா ரத்து, ஊருக்கு டிக்கெட். எங்கள் கட்டடத்தில் அப்போது வீடுகள் ஒவ்வொன்றாகக் காலியாகிக்கொண்டிருந்தன. லிஃப்டில் ஏறினால் கார்கோவுக்குப் போகும் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில்தான் நிற்க வேண்டும். எல்லோருக்கும் நடப்பதுதான் நமக்கும் என்ற நிலை. மதுரையில் அப்பா கட்டிய வீடு இருந்ததால் எனக்குத் தூக்கம் கெடவில்லை.

விஷயத்தைச் சொன்னதும் என் மனைவி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அப்ப என் போர்டு?"

அவள் ஷார்ஜாவில் ஓர் இந்தியப் பள்ளியில் கணக்கு ஆசிரியை. ஆனால் விசா என் பெயரில் என்பதால் அவளும் கிளம்ப வேண்டியதுதான். மூன்று வருடங்களுக்கு முன்பு, பள்ளிப் பிள்ளைகளை ஒரு மாலில் இருந்த பனிக்கூடத்துக்குச் சுற்றுலா அழைத்துப் போனார்கள். வெளியே நாற்பது டிகிரி வெயில், உள்ளே உறைபனி. பெரிய கூரைக்குக் கீழே செயற்கைப் பனி கொட்டிய ஒரு சரிவு, மேலே போக ஒரு நாற்காலி லிஃப்ட். பிள்ளைகளுக்குக் காவலாகப் போன ஆசிரியை, வாடகை ஜாக்கெட்டும் பூட்ஸும் மாட்டிக்கொண்டு தானும் ஒருமுறை சறுக்கிப் பார்த்தாள். அவ்வளவுதான். அடுத்த வாரம் தனியாகப் போனாள். பிறகு வாரத்துக்கு இரண்டு மாலை. இரண்டு கால்களையும் ஒரே பலகையில் பூட்டிக்கொண்டு சரிவில் இறங்கும் ஸ்னோபோர்டு அவளுக்குப் பிடித்துப்போனது. முப்பத்து மூன்று வயதில், கழுத்தில் தாலியை உள்ளே தள்ளி ஜாக்கெட் ஜிப்பை இழுத்துவிட்டு, சாகசத்துக்கென்று சரிவில் நட்டிருந்த இரும்புக் கம்பிகள்மேல் தாவிக் குதிக்கிற அளவுக்கு வந்துவிட்டாள். பயிற்சியாளர்கள் 'எக்ஸ்பர்ட்' என்று அச்சிட்ட அட்டை ஒன்றைக் கொடுத்தார்கள். சொந்தமாகப் பலகையும் வாங்கிவிட்டாள்.

"மதுரையில எங்க போய் ஓட்டுவ? வைகையிலயா?" என்றேன்.

"அதுல தண்ணியே வரல. பனி எங்க வரப் போகுது?" என்று சிரித்தாள். சிரிப்பு நிற்கவில்லை, ஆனால் குரல் மாறிவிட்டது. "ஏங்க, ஒரு தடவை. கூரை இல்லாத இடத்துல ஒரே ஒரு தடவை ஓட்டிப் பாத்துடணும். எனக்கு இது நெசமாவே வருமா, இல்ல மால்ல மட்டும்தான் வருமான்னு தெரியணும். தெரிஞ்சுட்டா போர்டைப் பரண்ல போட்டுட்டுக்கூட இருந்துடுவேன்."

அவள் தன் படிப்புக்கோ வேலைக்கோகூட இப்படி என்னிடம் எதையும் கேட்டதில்லை. ஊர் திரும்பும் வழியில் ஒரு மலைக்குப் போவது என்று முடிவு செய்தோம். எந்த மலை என்பதைத் தேடும் பொறுப்பை என்னிடம் கொடுத்தாள்.

ஐரோப்பா முதல் நாளே அடிபட்டுப்போனது. முடியப்போகிற குடியிருப்பு விசாவை வைத்துக்கொண்டு எந்தத் தூதரகத்திலும் விண்ணப்பிக்க முடியாது. லெபனான் நம் பாஸ்போர்ட்டுக்குச் சுலபமில்லை. வளைகுடாவில் வாழும் இந்தியனுக்கு மலையின் உயரத்தைவிட விசாவின் உயரம்தான் முதலில் கண்ணில் படும். கடைசியில் மூன்று இடங்கள் மிஞ்சின. ஈரானில் ஒன்று, இமாசலத்தில் ஒன்று, காஷ்மீரில் குல்மர்க்.

பத்திரிகை வேலையில் எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. எதைக் கேட்டாலும் 'ஆமாம்' என்கிறவரை நம்பி ஒரு வரி எழுத மாட்டோம். அந்தப் பழக்கத்தில், மூன்று இடங்களிலும் ஒரே கேள்வியைக் கேட்பது என்று முடிவு செய்தேன். உங்கள் மலைக்கு எப்போது வரக் கூடாது?

ஈரானில் இருந்த விடுதி ஒரே நாளில் பதில் போட்டது. எப்போதும் வரலாம், அனுபவசாலிகளுக்கென்றே செங்குத்தான சரிவுகள் உண்டு, மேடத்தை வரவேற்கக் காத்திருக்கிறோம். கூடவே நீல வானத்தின்கீழ் ஒருவர் அந்தரத்தில் பறக்கும் படம். இமாசல விடுதிக்காரர் போனில் இன்னும் ஒரு படி மேலே போனார். "சார், ஆபத்தே கிடையாது. பனிக்கு நான் கேரண்டி. குடும்பத்தோட வாங்க, தென்னிந்திய சாப்பாடும் உண்டு" என்றார்.

குல்மர்க்கில் யாரைக் கேட்பது என்று தெரியவில்லை. அங்கே போய்வந்த ஒரு வெளிநாட்டுக்காரர் இணையத்தில் எழுதிய குறிப்பில் ஒரு வழிகாட்டியின் எண் இருந்தது. முன்னாள் பனிச்சறுக்குப் பந்தய வீரர், மலையின் உச்சிவரை ஆட்களை அழைத்துப் போகிறவர். காலிங் கார்டைச் சுரண்டி எண்ணை அழுத்தினேன். இந்தியில் பேசினோம். என் கேள்வியைக் கேட்டதும், "ஓட்டப் போறது நீங்களா?" என்றார்.

"இல்லை, என் மனைவி."

"அப்ப உங்ககிட்ட எனக்கு என்ன பேச்சு? போனை அவங்ககிட்ட குடுங்க."

மரியாதை இல்லாத ஆள் என்று நினைத்துக்கொண்டே ஸ்பீக்கரை அழுத்திவிட்டு நகர்ந்தேன்.

"பெஹன் ஜி, நீங்க ஓட்டுற இடத்துல பனி எவ்வளவு ஆழம்?"

அவள் என்னைப் பார்த்தாள். "ஆழமா? கெட்டியா இருக்கும். ராத்திரி மெஷின் வச்சு இழுத்துச் சமப்படுத்திருவாங்க."

"காத்து?"

"உள்ள ஏது காத்து?"

"இடுப்பு வரைக்கும் பனியில விழுந்து எழுந்திருச்சிருக்கீங்களா?"

"இல்லை." கணக்கு டீச்சர், பொய் சொல்ல மாட்டாள். ஆனால் விடவும் மாட்டாள். "எனக்கு எக்ஸ்பர்ட்னு கார்டு குடுத்திருக்காங்க, பாய் சாப்."

மறுமுனையில் வாய்விட்டுச் சிரிப்பது கேட்டது. "அந்தக் கார்டு அங்கேயே இருக்கட்டும். இங்க வந்தா முதல்ல கீழ்ச் சரிவுலதான் ஓட்டணும். மேலே அனுப்புவேன்னு வாக்கு குடுக்க முடியாது. பனி பெஞ்ச மறுநாள் வானம் எவ்வளவு நீலமா இருந்தாலும் முடியாது. கடைசி நாள் வரைக்கும் முடியாமலே போகலாம். சரின்னா வாங்க."

பேச்சை முடித்துவிட்டாரோ என்று நினைத்தேன். இல்லை. கொஞ்சம் இறங்கிவந்த குரலில், "அங்க மணல் நிறைய இருக்குமே?" என்று கேட்டார். "உங்க நல்ல பலகை வேண்டாம், கெட்டுப்போகும். பழசு ஒண்ணு வாங்கி, அடியில மெழுகுவத்தியைத் தேச்சுட்டு, மெத்துனு இருக்கிற மணல்மேட்டுல இறங்கிப் பாருங்க. மணலும் பனியும் ஒண்ணு இல்ல. ஆனா ஆழத்துல விழுந்தா எப்படி எழுந்திரிக்கிறதுன்னு மணல் சொல்லிக்குடுக்கும். அதுக்கு அப்புறம் போன் பண்ணுங்க."

போனை வைத்ததும் எங்கள் வீட்டில் சண்டை.

எனக்கு முடிவு தெரிந்துவிட்டது. மூன்று பேரில் வரக் கூடாத நாளைச் சொன்னவர் இவர் ஒருவர்தான். அவளுக்கோ முகம் சிவந்திருந்தது.

"நீங்க பயந்தவரு. அதான் பயமுறுத்துற ஆளைப் பிடிச்சிருக்கு. ஈரான்ல வா வான்னு கூப்பிடுறாங்க. இவரு கீழ நின்னு வேடிக்கை பாருங்கறாரு. எனக்கு இருக்கிறது ஒரே வாய்ப்பு. அதையும் கீழ்ச் சரிவுல சறுக்கிட்டுப் போறதுக்கா?"

அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. மேலே போகாமல் திரும்பினால் அவள் கேள்விக்குப் பதில் கிடைக்காது. வாழ்க்கை முழுக்க 'மால்ல மட்டும்தான்' என்ற சந்தேகத்தோடு இருக்க வேண்டியதுதான். இரண்டு நாள் இருவரும் உப்பு, சர்க்கரை பற்றி மட்டுமே பேசிக்கொண்டோம்.

எதிர் ஃப்ளாட்டில் பரமக்குடிக்காரர் ஒருவர் குடியிருந்தார். அபுதாபியைத் தாண்டி ருவைஸில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் வேலை. வியாழன் மாலை குடும்பத்தைப் பார்க்க வந்து, சனி மாலை திரும்பிவிடுவார். மணலில் ஓடும் பெரிய வண்டி வைத்திருந்தார். என் மனைவியைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார், அவளுக்கு அவர் அண்ணன். நாங்கள் பேசாமல் இருப்பதை அவர் மனைவி எப்படியோ மோப்பம் பிடித்துச் சொல்லிவிட, கதவைத் தட்டினார்.

"என்ன மாப்ள, தங்கச்சிக்கு மலை வாங்கிக் குடுக்க மாட்டேன்னு சொல்லிட்டியாமே?"

நடந்ததைச் சொன்னோம். அவர் அவளைப் பார்த்தார். "தங்கச்சி, கல்ஃபுக்கு வந்தவன் எல்லாம் தங்கம் வாங்கிட்டுப் போறான். நீ ஒருத்திதான் பனி கேக்குற. சரி, அந்த ஆளு மணல்ல உருளச் சொன்னாரா? உருண்டு காட்டிட்டு, அப்புறம் அவரைத் திட்டு. வெள்ளிக்கிழமை காலைல யல்லா, கிளம்புங்க."

வெள்ளிக்கிழமை ஹத்தா சாலையில் போய், செம்மணல் மேடுகள் பக்கம் வண்டியை இறக்கினார். வெயில் ஏறவில்லை, மணல் இன்னும் குளிர்ச்சியாக இருந்தது. பனிக்கூடத்தில் கழித்துப்போட்ட ஒரு பழைய பலகையை அவள் கேட்டு வாங்கிவந்திருந்தாள். மெழுகுவத்தியைத் தேய்த்துவிட்டு, மேட்டின் விளிம்பில் பலகையைக் காலில் பூட்டினாள். பனிக்கூடத்தில் நான் பார்த்த அதே நிமிர்வு, அதே தோள்.

கிளம்பிய கொஞ்ச நேரத்தில் பலகையின் மூக்கு மணலுக்குள் இறங்கியது. அவள் தலைகுப்புற விழுந்து உருண்டு, பாதிச் சரிவில் போய் நின்றாள்.

"பனி உப்பா இருக்கா, இனிப்பா இருக்கா தங்கச்சி?" என்று மேலிருந்து கத்தினார் அண்ணன்.

அவள் வாயிலிருந்து மணலைத் துப்பினாள். எழுந்திருக்கக் கையை ஊன்றினாள். கை முழங்கைவரை உள்ளே போனது. மறு கையை ஊன்றினாள், அதுவும் போனது. கால்கள் பலகையில் பூட்டியிருக்க, கவிழ்ந்த ஆமை மாதிரி அவள் கிடந்ததைப் பார்த்து நாங்கள் சிரித்தோம். பிறகு சிரிப்பை நிறுத்தினோம். அவளால் எழுந்திருக்கவே முடியவில்லை. இது மணல், மூச்சு முட்டாது. பனியாக இருந்திருந்தால் என்ற நினைப்பு எனக்கு வந்தது. அவளுக்கும் வந்திருக்க வேண்டும். புரண்டு படுத்து வானத்தைப் பார்த்தாள்.

பனிக்கூடத்தில் பலகையின் ஓரத்தைப் பனியில் அழுத்தினால் அது கத்தி மாதிரி பிடித்துக்கொள்ளும். மூன்று வருடமாக அவள் உடம்பு கற்றது அந்தப் பிடியைத்தான். மெத்தென்ற ஆழத்தில் அழுத்த அழுத்தப் பலகை புதையும். அன்று காலை முழுக்க அவள் அந்தப் பழக்கத்தோடு மல்லுக்கட்டினாள். எடையைப் பின்காலுக்குத் தள்ளி, மூக்கை மேலே நிறுத்திப் பழகினாள். விழுந்தாள். ஏறி வந்தாள், மறுபடி விழுந்தாள். வெயில் ஏறி நாங்கள் வண்டி நிழலுக்குள் ஒதுங்கிய பிறகுதான் அது நடந்தது. விழுந்தவள் கையை மணலில் ஊன்றவில்லை. பின்காலைக் கழற்றி, பலகையைக் குறுக்கே படுக்கப்போட்டு, அதன் நடுவில் இரண்டு கையையும் வைத்து அழுத்தினாள். பலகை புதையவில்லை. அவள் எழுந்து நின்றாள்.

"அட!" என்றார் அண்ணன். அவர் கேலி செய்யாமல் சொன்ன ஒரே சொல் அதுதான்.

திரும்பும் வழியில், காதிலிருந்து மணலைத் தட்டிக்கொண்டே அவளாகவே சொன்னாள். "அவர்கிட்டயே போவோம்."

"மேலே விட மாட்டாரே?"

"விடாட்டிப் போகுது. வா வான்னு கூப்பிட்டவங்க யாராவது என்னை எழுந்திரிக்கத் தெரியுமான்னு கேட்டாங்களா?"

அன்று மாலை அவளே போன் செய்தாள். பலகைமேல் கைவைத்து எழுந்த கதையைச் சொன்னாள். கேட்டு முடித்ததும், "வாங்க" என்றார். மேலே விடுவதைப் பற்றி ஒரு சொல் இல்லை.

பிப்ரவரி கடைசியில் சாமான்களைக் கார்கோவில் மதுரைக்கு அனுப்பிவிட்டு நாங்கள் டெல்லி விமானம் ஏறினோம். வழியனுப்ப வந்த அண்ணன், உறைபோட்ட பலகையைத் தோளில் சுமந்துவந்தார். விமான நிலையத்தில் ஒருவர் அதைத் தொட்டுப் பார்த்து, "இஸ்திரி மேசையை எதுக்கு ஊருக்குக் கொண்டுபோறீங்க?" என்று கேட்டார். "அங்க சுருக்கம் ஜாஸ்தி" என்றார் அண்ணன், முகத்தில் எந்த மாற்றமும் இல்லாமல்.

நாங்கள் போன அன்றே குல்மர்க்கில் பனி கொட்டத் தொடங்கியது. வழிகாட்டி நான் கற்பனை செய்திருந்ததைவிட உயரம், அதைவிடச் சத்தம். என்னை ஒரு தலையசைப்போடு கடந்துபோய், அவள் பலகையை வாங்கி அடிப்பக்கத்தைத் தடவிப் பார்த்தார். மறுநாள் கீழ்ச் சரிவு. முதல் இறக்கத்திலேயே அவள் இடுப்புவரை புதைந்தாள். கீழே இருந்து பார்த்த எனக்கு ஒரு சிவப்புத் தொப்பி மட்டும் தெரிந்தது. பிறகு பலகை குறுக்கே படுத்தது. அதன்மேல் இரண்டு கைகள். தொப்பி எழுந்தது. அருகில் நின்ற வழிகாட்டி உதவிக்கு நகரவேயில்லை. அவளும் கூப்பிடவில்லை. அடுத்தடுத்த இறக்கங்களில் விழுவது குறைந்தது. ஆனால் மேகம் மூடியே இருந்தது, மேலே போகும் ரோப் கார் ஓடவில்லை.

கடைசிக்கு முந்தின நாள் காலை, வானம் துடைத்துவைத்தது போல இருந்தது. ஈரான்காரர் அனுப்பிய படத்தில் பார்த்த அதே நீலம். மேல் சரிவு முழுக்க யாரும் தொடாத பனி. அவள் விடியும்போதே பூட்ஸ் மாட்டித் தயாராக நின்றாள்.

வழிகாட்டி மலையைப் பார்த்தார். "இன்னிக்கு முடியாது."

"ஏன்? இவ்வளவு தெளிவா இருக்கே!"

"போன்லயே சொன்னேன், பெஹன் ஜி. புதுப் பனி, அதுமேல வெயில். எனக்குப் பிடிக்கல."

அவள் டீக்கடை பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். கண் கலங்கியிருந்ததை மறைக்கக் கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள். ஒரே வாய்ப்பு என்று அவள் துபாயில் சொன்னது எனக்குள் கேட்டுக்கொண்டேயிருந்தது. இந்த ஆளைத் தேர்ந்தெடுத்துத் தவறு செய்துவிட்டோமோ என்று முதன்முறையாக நினைத்தேன்.

மதியம் இரண்டாவது டீ வந்தபோது சத்தம் கேட்டது. தூரத்தில் லாரி சரளைக்கல் கொட்டுவது போன்ற சத்தம். நிமிர்ந்து பார்த்தோம். மேல் சரிவின் நடுவில் ஒரு கோடு விழுந்தது. கோட்டுக்குக் கீழே இருந்த பனி மொத்தமாக நகர்ந்து, புகையாக எழுந்து, பள்ளத்தில் அடங்கியது. அங்கே ஒருவரும் இல்லை. அன்று யாரையும் அந்தப் பக்கம் விடவில்லை. அவள் டீ கிளாஸை பெஞ்சில் வைத்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள். வழிகாட்டி 'சொன்னேன்ல' என்று சொல்லவில்லை. அவர் டீக்குச் சர்க்கரை போதவில்லை என்று கடைக்காரரோடு தகராறு செய்துகொண்டிருந்தார்.

கடைசி நாள் காலை அறைக் கதவைத் தட்டியவர் அவர்தான். "ராத்திரி பனி நல்லா இறுகியிருக்கு. சலோ, போகலாம்."

நேற்று சரிந்த பக்கம் போகவில்லை. உச்சியிலிருந்து வேறொரு முகடு, அது முடியும் இடத்தில் தேவதாரு மரங்கள். நான் நடுநிலையத்தில் இறங்கிக் காத்திருந்தேன். ரோப் கார் அவர்களை ஏற்றிக்கொண்டு மறைந்தது. நெடுநேரம் வெள்ளையைத் தவிர எதுவும் தெரியவில்லை. பிறகு முகட்டில் இரண்டு புள்ளிகள். ஒன்று முதலில் இறங்கி, பாதியில் நின்று திரும்பிப் பார்த்தது. அது அவர். மற்றது கிளம்பியது. பின்னால் ஒரு நீண்ட வெள்ளைத் தூசி எழுந்தது. வளைந்து, எதிர்ப்புறம் வளைந்து, மறுபடி வளைந்து வந்தது. மரங்களுக்கு மேலே ஓர் இடத்தில் புள்ளி காணாமல் போனது. கொஞ்ச நேரத்தில் எழுந்து, மறுபடி கிளம்பியது. இறங்கி என் முன்னால் வந்து நின்றபோது அவள் இமையெல்லாம் பனி. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை.

"வருதுங்க. எனக்கு இது வருது" என்றாள்.

வழிகாட்டியின் பக்கம் திரும்பி, "இப்பவாவது சொல்லுங்க பாய் சாப், நான் எக்ஸ்பர்ட்தானே?" என்று கேட்டாள்.

அவர் பலகையில் ஒட்டியிருந்த பனியைத் தட்டிவிட்டு, "அடுத்த வருஷம் ஜனவரியில வாங்க. பனி இதைவிட நல்லா இருக்கும்" என்றார். வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை என்று கிளம்பி வந்தவள், "ஜனவரியில முடியாது, பசங்களுக்கு ரிவிஷன் டெஸ்ட் இருக்கும். பிப்ரவரி?" என்று கேட்டாள். அப்போது அவளுக்கு மதுரையில் வேலைகூடக் கிடைத்திருக்கவில்லை.

வேலை கிடைத்தது, எனக்கும் அவளுக்கும். பலகை பரணுக்குப் போகவில்லை, பீரோவுக்குப் பின்னால் நிற்கிறது. வருகிற சொந்தக்காரர்கள் இஸ்திரி மேசை என்றுதான் இன்னும் நினைக்கிறார்கள். பிப்ரவரி பிறந்தால் அது வெளியே வரும், அவள் அடியில் மெழுகு தேய்ப்பாள். பிறகு பிறந்த பிள்ளைக்குப் பள்ளி தேடும்போதும், அம்மாவின் கண் ஆபரேஷனுக்கு டாக்டர் தேடும்போதும் நான் அதே கேள்வியைத்தான் கேட்டேன்: எப்போது உங்களிடம் வரக் கூடாது? இந்தக் கேள்விக்கு நிதானமாக யோசித்து ஒருவர் பதில் சொல்லத் தொடங்கும்போது, முன்பின் பார்க்காத ஒருத்திக்காகப் போனில் 'முடியாது' என்று சொன்ன அந்தக் குரல் எனக்குக் கேட்கிறது. சரியான இடத்துக்கு வந்துவிட்டோம் என்று மனசு நிம்மதியாகிவிடுகிறது.